ஒற்றியூரின் ஒற்றை உருளை

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் தொழிற்பட்டையில் உருவான பொருள்களுள், கண்ணில் படும் முன்பே காதில் விழுந்து அடையாளம் காட்டிக்கொள்வது திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஆலையின் புல்லட் மோட்டார் சைக்கிள். அந்த ஓசைக்கு உரிய வார்ப்பிரும்பு எஞ்சின், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருளை அலுமினியத்தால் அன்றி வார்த்த இரும்பால் ஆன பழைய எஞ்சின், 2010-ஐ ஒட்டி உற்பத்தியிலிருந்து நின்றுவிட்டது. அதன் பிறகும் அந்த எஞ்சின் பூட்டிய வண்டிகள் தெருவில் ஓடுவதற்குக் காரணம் தேடுவோர், ஆலைக்குள் பார்ப்பதைவிட, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூடும் புல்லட் உடைமையாளர் குழுக்களையும் அவர்களுக்குக் கைகொடுக்கும் லேத் பட்டறைகளையும் பார்ப்பது பயன் தரும். இந்த எஞ்சின் பிறந்த காலத்தில் பராமரிப்பு என்பது சாவியை ஒப்படைத்துவிட்டு மாலையில் திரும்பப் பெறும் சேவையாக இருக்கவில்லை. வண்டியை வாங்கியவர் பாதி மெக்கானிக்காகவும் இருப்பார் என்ற எதிர்பார்ப்பின்மேல்தான் அதன் ஒவ்வொரு பாகமும் அமைக்கப்பட்டது.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். மிதிவண்டி செய்துவந்த என்ஃபீல்டு நிறுவனம் 1901-ல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. 1932-ல் அதன் வண்டி ஒன்றுக்கு 'புல்லட்' என்ற பெயர் சூட்டப்பட்டது. பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி பொருத்திய 350 சிசி வடிவம், அதாவது பிற்காலத் திருவொற்றியூர் வண்டிகளின் நேர் மூதாதை, 1940-களின் இறுதியில் வெளிவந்தது. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில் கப்பலில் வந்திறங்கிய பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டி வண்டியாக்கினார்கள். 1957-ல் அப்பாகங்களைச் செய்வதற்கான கருவிகளே கைமாறின. 1960-களின் தொடக்கத்தில் வண்டி ஏறத்தாழ முழுமையாக உள்ளூரிலேயே உருவானது. அதே காலகட்டத்தில் இங்கிலாந்தில் புல்லட் நின்றுபோனது. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் ஓய்ந்தது. தாய்வேர் பட்டுப்போய்ப் பதியன் தழைத்த கதையாக, 1977 முதல் திருவொற்றியூர் வண்டிகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. 1950-களின் ஆங்கிலேய புல்லட்டைப் போற்றிவைத்திருந்த பிரிட்டிஷ் ஆர்வலர், உதிரிபாகத்துக்கு வடசென்னையின் வார்ப்பை நம்பும் நிலையும் வந்தது.

1994-ல் ஐஷர் குழுமம் நிறுவனத்தை எடுத்துக்கொண்டு ராயல் என்ஃபீல்டு என்ற பழைய பெயரை மீட்டது. அலுமினிய உருளை கொண்ட எஞ்சின்கள் 1990-களின் இறுதியில் தலைகாட்டின. 2008-ல் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே உடலாக அமைந்த புதிய வகை வந்தது. ஆயினும் இரும்பு உருளை எஞ்சின், இடையில் எத்தனை வண்ணமும் பட்டையும் மாறினாலும், ஏறத்தாழ 55 ஆண்டுகள் அடிப்படையில் ஒரே வரைபடத்தைப் பின்பற்றியே உருவாகிவந்தது. போட்டியற்ற சந்தையில் ஆலை சோம்பிக் கிடந்ததன் அடையாளம் இது என்று சொல்வோர் உண்டு. அதில் பாதி உண்மையும் உண்டு. உடைமையாளர் குழுக்களின் கோணத்திலோ அந்த மாறாமைதான் பெருஞ்செல்வம், ஏனெனில் 1990-களில் வார்த்த ஒரு பாகத்தை 1960-களின் வண்டிக்குச் சிறு திருத்தத்தோடு பொருத்திவிட முடிகிறது. பழைய வண்டிகளின் பல மறைகள் பிரிட்டிஷ் அளவில் வெட்டப்பட்டவை என்பதையும், அவற்றுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறக்குறையத்தான் பிடிக்கும் என்பதையும், அப்படி ஏறக்குறையப் பிடித்துத் திருகியே நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கிப்போகின்றன என்பதையும் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் பாடமாகச் சொல்லிவிடுவார்கள். விட்வொர்த் எனப்படும் அந்தப் பழைய அளவு ஸ்பானர்த் தொகுதி ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவருக்குக் குழுவில் தனி மரியாதை கிடைப்பது இதனால்தான்.

எஞ்சினின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்பது இங்கே தேவையாகிறது. உருளையின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. அகலத்தைவிட உயரம் மிகுந்த இந்த அளவுதான், குறைந்த வேகத்திலும் திணறாமல் இழுக்கும் குணத்தை அதற்குத் தருகிறது. பின்னாளில் வந்த 500 சிசி வகையில் உள்விட்டம் 84 மில்லிமீட்டராக விரிந்தது, உயரம் மாறவில்லை. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடிக்கும் என்பதால், நின்ற நிலையில் நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுழலும் புல்லட்டில் 450 வெடிப்புகளே நிகழ்கின்றன, அதாவது நொடிக்கு ஏழெட்டு. மனிதக் காது தனித்தனியாகப் பிரித்துணரக்கூடிய இந்த நிதானமே 'டுக் டுக்' என்று ஊரறிந்த ஓசையாகிறது. இரு வெடிப்புகளுக்கு இடையே எஞ்சின் நின்றுவிடாமல் சுழற்றிச் செல்பவை கனத்த சுழற்சக்கரங்கள். வெடிகலவையை உள்ளே விடுவதும் புகையை வெளியேற்றுவதுமான இரண்டு வால்வுகள் உருளையின் தலையில் இருக்க, அவற்றை இயக்கும் கேம் கீழே இருக்கிறது. இரண்டையும் இணைப்பவை புஷ்ராடு எனப்படும் இரண்டு நீண்ட தள்ளுகோல்கள். கியர்பெட்டி தனிப் பெட்டியாக எஞ்சினுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருக்கும். கியர் மிதி வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை, ஆதலால் இன்றைய வண்டியில் பழகியவர் பழைய புல்லட்டில் ஏறினால் முதல் நாற்சந்தியிலேயே தடுமாறுவார்.

இவ்வளவு பெரிய ஒற்றை உருளையைக் காலால் உதைத்து இயக்குவது வலிமையைக் காட்டிலும் முறையைச் சார்ந்தது. பிஸ்டன் கலவையை அழுத்தி மேலேறும் வீச்சில் உதைத்தால் மிதி நகராது. பற்றவைப்பு முந்திக்கொண்டால் பேக் கிக் எனப்படும் எதிருதை கணுக்காலைப் பதம் பார்க்கும். இதற்காகத்தான் இடக் கைப்பிடியில் டிகம்ப்ரஸர் என்ற சிறு நெம்புகோல் உண்டு. அதை அழுத்தினால் உருளைத் தலையிலுள்ள சிறு வால்வு ஒன்று திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிடும். தேர்ந்தவர் முதலில் சாவியைத் திருப்பிவிட்டு முகப்பு விளக்கின் மேலுள்ள அம்மீட்டரை, அதாவது மின்னோட்டம் காட்டும் முள்ளை, கவனித்தவாறே மிதியை மெல்ல அழுத்துவார். இக்னிஷன் பாயிண்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் செலவாவதால் முள் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் விலகும் கணத்தில் முள் நடுவுக்கு வரும். அந்தக் கணமே பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியை நெருங்கிவிட்டதற்கு அறிகுறி. அப்போது டிகம்ப்ரஸரைப் பிடித்து மிதியை ஓரிரு விரற்கடை கூடுதலாக நகர்த்தி, உச்சியைத் தாண்டியதும் விட்டுவிட்டு, மிதியை மேலே வரவிட்டு ஒரே சீராக உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு முள்ளின் அசைவு வழியே வெளியிலிருந்து படிக்கும் இந்தப் பயிற்சிதான், மற்றெல்லாப் பராமரிப்புக்கும் அரிச்சுவடி.

பாயிண்ட் என்பது சிறு தொடுமுனைகள் இரண்டின் சேர்க்கை. அவை விலகும் நொடியில் காயிலில் எழும் உயர் மின்னழுத்தம் பிளக்கில் பொறியாகிறது. முனைகள் முழுதும் விரிந்த நிலையில் அவற்றிடையே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் எனப்படும் அளவிட்ட மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகி இதைச் சரிபார்ப்பார்கள். தகடு நுழையவும் வேண்டும், நுழையும்போது லேசாக உராயவும் வேண்டும். பொறி எழும் நேரத்தை அமைப்பது இன்னும் நுட்பமானது. பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் இருக்கும்போது முனைகள் பிரியத் தொடங்க வேண்டும் என்பதால், பிளக் துளை வழியே ஒரு கம்பியை நுழைத்துப் பிஸ்டனின் நிலையை அறிந்துகொண்டு, தொடுமுனைகளுக்கு இடையே சிகரெட் தாள் ஒன்றைச் செருகி லேசாக இழுத்தவாறே டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்பி, தாள் விடுபடும் இடத்தில் இறுக்குவது வழக்கம். புகைபிடிக்காத உறுப்பினரும் இதற்காகவே ஒரு தாளைக் கருவிப்பையில் வைத்திருப்பது குழுக்களில் காணக்கிடைக்கும் சிறு வேடிக்கை. மல்டிமீட்டரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் தாளுக்கு பேட்டரி வேண்டியதில்லை.

டேப்பட் சரிசெய்தல் எனப்படுவது வால்வுகளுக்கும் தள்ளுகோல்களுக்கும் இடையேயான தளர்வை அளவுபடுத்துவது. பெரும்பாலான எஞ்சின்களில் இதற்குத் தலையைத் திறக்க வேண்டும். புல்லட்டிலோ உருளையின் அடியில் வலப்புறமுள்ள ஒரு சிறு மூடியைக் கழற்றினாலே தள்ளுகோல்களின் கீழ்முனைகள் கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க, தள்ளுகோலை இரு விரல்களால் பிடித்துச் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது. புகைபோக்கும் வால்வு கூடுதலாகச் சூடேறி நீளும் என்பதால் அதன் கோலுக்கு மட்டும் மயிரிழை தளர்வு கூட்டப்படும். இங்கே தகடும் இல்லை, எண்ணும் இல்லை, விரல்தான் அளவுகோல். எழுத்தில் படித்துக் கற்கக் கடினமான இந்த வேலைக்குக் குழு என்ற அமைப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பது இங்கேதான் புலப்படும், ஏனெனில் எவ்வளவு தளர்வு 'சரியான' தளர்வு என்பதைப் பழகிய ஒருவர் புதியவரின் விரலைக் கோலில் வைத்துக் காட்டினாலொழிய வேறு வழியில் உணர்த்துவது அரிது. இறுக்கமாக விட்டால் வால்வு முழுதும் மூடாமல் கருகும். தளர்வாக விட்டால் ஓசை மட்டுமே கூடும். ஓசை பொறுக்கலாம், கருகல் பொறுக்க முடியாது என்பதால், ஓசையே இல்லாத டேப்பட்டைப் பழைய மெக்கானிக்குகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பழைய புல்லட் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஆயில் இருக்கும் என்பது ஊரறிந்த கேலி. கேலிக்குப் பின்னாலுள்ள காரணங்களோ பலருக்குத் தெரிவதில்லை. இவ்வெஞ்சினின் ஆயில், சுழற்தண்டு இருக்கும் அறையின் பின்பகுதியிலேயே அமைந்த தனி அறையில், இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், சேமிக்கப்படுகிறது. இரண்டு சிறு பம்புகளுள் ஒன்று அதை உறுப்புகளுக்கு அனுப்ப, மற்றொன்று வடிந்ததைத் திரும்ப அறைக்கு ஏற்றுகிறது. வண்டி பல நாள் நின்றுவிட்டால் ஆயில் மெல்லக் கசிந்து சுழற்தண்டு அறைக்குள் இறங்கிவிடும். அந்நிலையில் அளவுகோலை எடுத்துப் பார்ப்பவர் ஆயில் குறைந்துவிட்டதாக எண்ணி மேலும் ஊற்றுவார், வண்டியைக் கிளப்பியதும் மிகுந்துபோன ஆயில் கிடைத்த வழியிலெல்லாம் வெளியேறும். ஆகவே ஓட்டி நிறுத்திய உடனேயே அளவு பார்க்க வேண்டும் என்பது விதி. அடுத்த காரணம் காற்றுப்போக்கி: பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கீழறையின் காற்று நெரிபடுகிறது, அதை வெளியே விட்டு உள்ளே வரவிடாத ஒருவழி அமைப்பு அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஒவ்வொரு மூட்டு வழியாகவும் ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். இது தெரியாமல் பேக்கிங்கை, அதாவது இரு உலோகப் பரப்புகளின் இடையிலுள்ள அட்டை வளையத்தை, மாற்றி மாற்றிப் பணத்தைச் செலவிட்டவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. கசிவைக் கண்டால் மூட்டைப் பிரிக்கும் முன் மூச்சைப் பார் என்பது அவர்கள் கற்ற பாடம்.

கசிவைவிடக் கொடியது, ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருப்பது. பிஸ்டனைச் சுழற்தண்டோடு இணைக்கும் கோலின் பெரிய முனையில், பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களில், ரோலர் பேரிங் எனப்படும் உருளைத் தாங்கிக்குப் பதிலாக மிதக்கும் புஷ் என்ற வழுவழுப்பான வளையம்தான் உண்டு. ஆயில் படலத்தின் மேல் மிதந்தவாறு சுழலும்வரை அது பல்லாண்டு உழைக்கும், படலம் அறுந்தால் சில நிமிடங்களில் உருகும். அதற்கான ஆயில், வலப்புற மூடியிலிருந்து சுழற்தண்டின் முனைக்குள் நுழையும் இடத்தில், தக்கையால் ஆன சிறு அடைப்பு ஒன்று உண்டு. விலை சில ரூபாயே ஆன அந்தத் தக்கையை மாற்றாமல் பழையதையே திரும்பப் போட்டு மூடியதால் எஞ்சினையே இழந்த கதைகள் உண்டு என்பதால், மூடியைத் திறந்தால் தக்கையை மாற்றாமல் மூடாதே என்று குழுக்களில் அடித்துச் சொல்வார்கள். புஷ்ஷை எடுத்துவிட்டு உருளைத் தாங்கி பொருத்துவது இப்போது பரவலாகிவிட்டது. தேய்ந்த எஞ்சினை எப்படியும் பிரித்தாக வேண்டும் என்றாகிவிட்ட நிலையில் அது நியாயமான மாற்றமே, நன்றாக ஓடும் எஞ்சினை அதற்காகப் பிரிப்பது மட்டும் வீண் வேலை.

இத்தகைய அறிவெல்லாம் சேர்ந்து கிடக்கும் களஞ்சியமே உடைமையாளர் குழு. சென்னையின் மெட்ராஸ் புல்ஸ், பெங்களூரின் ரோலிங் தண்டர் போன்ற குழுக்கள் நாட்டின் பிற புல்லட் குழுக்களோடு சேர்ந்து 'ரைடர் மேனியா' என்ற கூடலை நடத்திவந்தவை. பெயர் தாங்கிய இத்தகைய அமைப்புகளுக்கு வெளியேயும், ஒரு தெருவின் டீக்கடையையோ ஒரு மெக்கானிக் ஷெட்டையோ மையமாகக் கொண்டு பத்துப் பதினைந்து பேர் கூடும் பெயரற்ற வட்டங்கள் எண்ணற்றவை. வெளியார் கண்ணுக்கு இவை நெடும்பயணம் போகும் கூட்டங்களாகவே தோன்றுகின்றன. கறுப்புச் சட்டையும் கொடியும் வரிசையாகச் செல்லும் வண்டிகளும் ஒளிப்படத்துக்கு எடுப்பானவை. ஆனால் ஒரு குழுவின் தரத்தை மதிப்பிட வேண்டுமானால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை விட்டு, கிளட்ச் தட்டைக் கழற்றும் புல்லர் அக்குழுவில் யாரிடம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பாரா என்று விசாரிப்பதே மேல். ஆயுளில் இரண்டு மூன்று முறை மட்டுமே தேவைப்படும் இத்தகைய சிறப்புக் கருவிகளைத் தனியொருவர் வாங்குவது வீண். பத்துப் பேருக்கு ஒன்று என்றால் அதுவே சிக்கனம். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துக் கருத்துச் சொல்வதும் இத்தகைய கூடல்களின் வழக்கமான காட்சி: காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் காற்றும் பெட்ரோலும் அளவோடு கலக்கின்றன, கரிபிடித்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, வெளுப்போடு நெடுந்தொலைவு ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து.

குழுக்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: எதுவரை மாற்றலாம்? பாயிண்ட்டை எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்பு வைப்பதை ஒருசாரார் ஏற்பார்கள், மறுசாரார் வழியில் நின்றுபோனால் தாளும் தகடும் கொண்டு சரிசெய்ய முடியாத எதுவும் புல்லட்டில் இருக்கக் கூடாது என்பார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. தொழிற்சாலை சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறுங்குழலைப் பூட்டி ஊரை எழுப்பும் பழக்கத்துக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, புகைபோக்கும் பாதையின் எதிரழுத்தத்தைக் கணக்கிட்டே கார்புரேட்டர் அளவிடப்பட்டிருப்பதால், குழலை மட்டும் மாற்றியவரின் எஞ்சின் பெரும்பாலும் காற்று மிகுந்து சூடேறிக்கொண்டிருக்கும். உரக்கக் கத்துகிறது என்பதற்காக வலுவாக இழுக்கிறது என்று பொருளில்லை.

இந்தப் பராமரிப்பு மரபு வடசென்னையில் வேரூன்றியதற்கு ஆலை ஒன்று மட்டுமே காரணமன்று. எண்ணூரில் அசோக் லேலண்டின் லாரி ஆலை, திருவொற்றியூரில் எம்ஆர்எஃப் டயர் ஆலை, சாணைக்கற்களும் உப்புத்தாள்களும் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல், தீப்பெட்டிக்குப் பெயர்பெற்ற விம்கோ, துறைமுகத்தையும் ரயில்வேயையும் நம்பிய எண்ணற்ற சிறு பட்டறைகள் என்று, இரும்பைக் கடைவதும் தேய்ப்பதும் அளப்பதும் அன்றாடப் பிழைப்பான பகுதி இது. பகலில் லாரி எஞ்சினுக்கோ விசைப்படகு எஞ்சினுக்கோ வேலை செய்யும் லேத் பட்டறையில், மாலையில் ஒரு புல்லட் உருளையும் ஏறி இறங்கும். தேய்ந்து நீள்வட்டமாகிவிட்ட உருளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து அடுத்த அளவுப் பிஸ்டன் பொருத்துவதை இங்கே 'போர் பண்ணுவது' என்பார்கள். வார்ப்பிரும்பு சூட்டில் விரிவது குறைவு, அலுமினியப் பிஸ்டன் விரிவது அதிகம். ஆகவே இரண்டுக்கும் இடையே விடும் இடைவெளியைக் குறைத்துவிட்டால் ஓடும்போதே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும், கூட்டிவிட்டால் பிஸ்டன் ஆடி ஓசையிடும், ஆயில் புகையும். கை தேர்ந்த கடைசல்காரர் உருளையோடு பிஸ்டனையும் கொண்டுவரச் சொல்லி, அதை அளந்த பிறகே வெட்டத் தொடங்குவார். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி வெட்டுபவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது. புதிய உதிரிபாகம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், பழையது புதுப்பேட்டையிலும் கிடைக்கும். பழைய இரும்பின் தரத்தை அறிந்தவர்கள் புதிய போலியைவிடப் பழைய அசலையே தேடுவார்கள்.

கடலோரம் வண்டிக்குக் கெடுதலும் செய்கிறது. உப்புக்காற்று மின்னிணைப்புகளில் பச்சைப் பூப்பை ஏற்படுத்துவதால், ஓடாத வண்டிகளில் எஞ்சின் கோளாறு என்று எண்ணப்படுபவற்றில் கணிசமானவை உண்மையில் எர்த் கம்பியின் கோளாறே. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய் கலந்து புகுந்த நீரும் நினைவிலிருந்து அகலாதவை. மூழ்கிய வண்டியை நீர் வடிந்ததும் உதைத்துப் பார்ப்பதே முதல் தவறு. நீர் அமுங்காது என்பதால் உருளைக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் இணைப்புக்கோல் வளையக்கூடும். பிளக்கைக் கழற்றி மிதியை மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றி, ஆயிலை முழுதும் வடித்து, மலிவான ஆயிலால் ஒருமுறை அலசி, பால்போல் வெளுத்து வருவது நிற்கும்வரை அலசலைத் திரும்பச் செய்து, அதன் பின்னரே புதிய ஆயிலும் பொறியும் தரவேண்டும். அகலத் திறந்து கையால் அணுகக்கூடிய அமைப்பு கொண்ட பழைய எஞ்சின் இவ்விஷயத்தில் புதியவற்றைவிடப் பிழைத்துக்கொள்வது எளிது.

பொழுதுபோக்காக எஞ்சினோடு உறவாடும் பழக்கத்துக்கு இப்பகுதியில் மற்றொரு ஊற்றும் உண்டு. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. 1990-ஐ ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் அமையும்வரை, நாட்டின் முதன்மையான மோட்டார் பந்தயத் திடல் அதுவே. பந்தய எஞ்சின்களோடு இணைத்துப் பேசப்படும் ஆமணக்கெண்ணெய் மணத்துக்குத் தனி வரலாறு உண்டு: கடுஞ்சூட்டிலும் வழுக்கும் தன்மை குன்றாத ஆமணக்கெண்ணெய், தொடக்க காலப் பந்தய வண்டிகளுக்கும், காஸ்ட்ரால் என்ற நிறுவனப் பெயருக்கும், இன்றளவும் மாதிரி விமானங்களின் சில சிசி அளவேயான எஞ்சின்களுக்கும் பொதுவானது. மாதிரி விமான ஆர்வலர் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் எஞ்சினைக் கழுவி வைப்பதற்குக் காரணம், எரிந்த ஆமணக்கெண்ணெய் பிசினாக இறுகிவிடுவது. புல்லட்காரர் சிலர் அந்த மணத்துக்கு ஆசைப்பட்டு வழக்கமான கனிம ஆயிலில் அதைக் கலந்து பார்ப்பதுண்டு. இரண்டும் ஒன்றோடொன்று சரிவரக் கலவாதவை என்பதால், மணம் ஒருநாள் இருக்கும், அடைப்பு நெடுநாள் இருக்கும்.

சட்டம் இவ்வண்டிகளை இரு வகையாகப் பார்க்கிறது. பதிவு செய்து 15 ஆண்டு கடந்த தனியார் வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாதவற்றுக்கு 2021-ல் வந்த மத்திய விதித் திருத்தத்தின்படி 'விண்டேஜ்' என்ற தனிப் பதிவு உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. நாள்தோறும் ஓட்டுவதற்காகவே பராமரிப்பவர்களுக்கு இந்தப் பெருமை ஒருவகைக் கூண்டாகவே தோன்றுவதால், பலர் ஐந்தாண்டுப் புதுப்பிப்பையே விரும்புகிறார்கள்.

இப்போதைய கூடல்களில் டேப்பட்டையும் பாயிண்ட்டையும்விட அதிகம் பேசப்படுவது பெட்ரோல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பழைய வகை ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் நாளடைவில் உப்பவைத்துக் கெடுக்கும், கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கி நின்றால் நுண்துளைகளில் பசைபோல் படியும். கடற்காற்றின் ஈரமும் சேரும் இப்பகுதியில் வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் வண்டிக்கு இது பெருந்தொல்லை. எனவே குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், டாங்கில் வெற்றிடம் விடாமல் நிரப்பி வைப்பதும் வழக்கமாகியுள்ளன. வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே பெட்ரோல் குழாயின் திருகை மூடிவிட்டு, கிண்ணத்தில் எஞ்சியதைக் குடித்தபடியே எஞ்சின் வாசல்வரை வந்து, அங்கே தானாக நிற்கும்படி தூரத்தைக் கணக்கிட்டு ஓட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தத் தெருமுனை எது என்பது அவரவர் கார்புரேட்டரைப் பொறுத்தது.